இரண்டு விநாடி றொனால்ட்

முன்னறையில் அந்த நாலு சுரமும் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தன. குசினியில் குந்தியிருந்து மீனுக்குச் செதில் சுரண்டியபடியே யூலிற்றா அதைக் கேட்டாள். ஏறி, இன்னும் ஏறி, ஒரு கணம் தயங்கி, மெல்ல இறங்கும் நாலு சுரம். இரண்டு விநாடிதான். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பின்னேரம் ஐந்து மணிக்கு அம்பிளிபயரைப் போட்டு, பத்து நிமிடம் கேட்டுவிட்டு நிறுத்துவது பத்து மாதமாக அவள் வழக்கம். அந்தப் பத்து நிமிடமும் அவளுடைய கை வேலை செய்யும். மனம் வேறெங்கோ மிதந்துகொண்டிருக்கும்.

அன்று ஆறாவது நிமிடமோ ஏழாவது நிமிடமோ தெரியாது, அந்த நாலு சுரத்துக்கும் அடியில் ஐந்தாவதாக ஒன்று கேட்டது.

அவள் கையில் கத்தி அப்படியே நின்றது. எதிரொலிப் பெட்டிக்குள் பிடித்து வைத்திருந்தது நாலு சுரம். பத்து மாதமாக நாலே சுரம். ஐந்தாவதை வாசிக்க ஆள் வேண்டும். முன்னறையில் கிற்றாரோடு ஆள் இருந்தால் அது யார்? படலை திறந்த சத்தமே கேட்கவில்லையே. கடலுக்குப் போன புருசன் படலையால்தான் வரவேண்டும் என்று என்ன கட்டாயம்?

முழங்கை வரைக்கும் செதில் மினுங்க, அவள் எழுந்து ஓடினாள்.

வாங்குப் பலகையில் இருந்தது றொனால்ட் அல்ல. அவனுடைய தங்கை றஞ்சனி. சுவரில் மாட்டியிருந்த கிற்றாரை எடுத்து மடியில் வைத்திருந்தாள். வலது கையின் இரண்டு விரல்கள் எதிரொலிப் பெட்டியின் குமிழில் இருந்தன.

யூலிற்றா கதவு நிலையில் சாய்ந்து மூச்சு வாங்கினாள்.

"மிக்ஸைத் தொட்டனியோ?"

"கொஞ்சந்தான் மச்சாள். வலது முனையில நிண்டதை நடுவுக்கு, பன்ரெண்டு மணிக்குக் கொண்டு வந்தனான். இல்லாட்டி நான் அடிக்கிறது எனக்கே கேக்குதில்லை."

"கையை எடு."

றஞ்சனி கையை எடுத்தாள்.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லாமல் யூலிற்றாவைப் பற்றிச் சொல்ல முடியாது. அரைச் செங்கல் அளவு ஜப்பான் பெட்டி. சண்டையில் பாதை பூட்டப்படுவதற்கு முன், தொண்ணூறாம் ஆண்டு, அவர்களுடைய கலியாணத்துக்கு றொனால்டின் கூட்டாளி ஒருவன் கொழும்பிலிருந்து கொண்டு வந்து கொடுத்தது. கிற்றார் வயர் அதற்குள் போய், அங்கிருந்து அம்பிளிபயருக்குப் போகும். வாசித்ததை வாங்கி வைத்து, கொஞ்சம் பிந்தித் திருப்பிச் சொல்லும். எவ்வளவு பிந்தி, எத்தனை தரம் என்பதற்கெல்லாம் குமிழ்கள் உண்டு. எல்லாவற்றிலும் முக்கியமானது மிக்ஸ். அதை இடது முனைக்குத் திருகினால் கிற்றார் மட்டும் கேட்கும். வலது முனைக்குத் திருகினால் எதிரொலி மட்டும் கேட்கும். முன்னால் இருந்து வாசிக்கிறவனின் சத்தம் வெளியே வரவே வராது.

முள்ளிவாய்க்கால் கோயிலில் முதல் முதல் அதைப் பூட்டிய திருநாளை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். றொனால்ட் வாசிப்பில் கெட்டிக்காரன், குமிழில் குருடன். சுவாமியாரின் மைக்கையும் அதே பெட்டிக்குள் விட்டுவிட்டான். "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்று சுவாமியார் சொல்ல, "பாராக, ராக, ராக" என்று கோயில் முழுக்க ஆள்மாறி ஆள் சொல்வதுபோல் அது ஓடியது. நிற்கவில்லை. ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் பெரிதாகிக்கொண்டே போனது. சின்னப்பிள்ளைகள் காதைப் பொத்தினார்கள். றொனால்ட் வியர்த்துப்போய் வொலியூமைக் குறைக்க, பாட்டும் சேர்ந்து செத்தது.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி எழுந்தாள். கலியாணம் செய்து ஒரு வருடம்கூட ஆகாதவள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நேரே நடந்துபோய், குனிந்து, ஒரு கையால் மிக்ஸை இடப்பக்கம் கொண்டு வந்தாள்; மற்றக் கையால் வொலியூமை மெல்ல ஏற்றினாள். எதிரொலி அடங்கிப் பாட்டுக்குக் கீழே போய்ப் படுத்தது. பூசை முடிந்த பிறகு பாடகர் குழுவின் தலைவர் யாக்கோப்பு ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அம்பிளிபயருக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இனிமேல் உமக்கு இதுதான் இடம், பிள்ளை."

அன்றிலிருந்து அவள் இடம் அதுவானது. மிக்ஸைக் கூட்டினால் கிற்றாரின் நேர்ச்சத்தம் பதுங்கும், அப்போது வொலியூம் ஏறவேண்டும். மிக்ஸைக் குறைத்தால் அது பாய்ந்து வரும், அப்போது வொலியூம் இறங்கவேண்டும். இரண்டு கையும் ஒரே மூச்சில் அசையவேண்டும். கேட்பவனுக்குச் சத்தம் கூடினதோ குறைந்ததோ தெரியக் கூடாது. இதையெல்லாம் அவளுக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளுடைய காது சொன்னது, கை செய்தது. குமிழ்களைச் சுற்றிக் கியூட்டெக்ஸ் நகப்பூச்சால் சிவப்புப் பொட்டுகள் வைத்தாள். குமிழை மணிக்கூட்டு முகமாக எண்ணி, ஒன்பது மணியில் வைத்தது பூசைப் பாட்டுக்கு. பதினொன்றில் வைத்தது நற்கருணை நேரத்துக்கு. "நான் கிற்றாரை வாசிக்கிறன், இவள் என்னை வாசிக்கிறாள்" என்று றொனால்ட் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். பிள்ளை இல்லையே என்று சனம் கதைத்த காலத்தில், அந்த முக்காலியில் அவன் பக்கத்தில் இருந்த நேரங்கள்தான் அவளைத் தாங்கின.

தொண்ணூற்றொன்பது கார்த்திகையில் ஒரு பின்னேரம். கிறிஸ்து பிறப்புக்குப் பாடும் நத்தார்ப் பாட்டு ஒன்றை இருவரும் பழகிக்கொண்டிருந்தார்கள். பாட்டுக்கு முன்னால் வரும் பகுதியில் நாலு சுரம்தான் வாசித்திருப்பான். கரையிலிருந்து படகுக்கு ஆள் கூப்பிட்டது. றொனால்ட் எழுந்தான். எழும்போது பெட்டியின் கால்விசையை மிதித்தான். அதை மிதித்தால் கடைசி இரண்டு விநாடியைப் பெட்டி பிடித்து வைத்துக்கொண்டு, விடும்வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டிருக்கும்.

"நான் வந்து மிச்சத்தை வாசிக்கிறன். அதுவரைக்கும் இவன் வாசிக்கட்டும்" என்றான். சிரித்துக்கொண்டுதான் போனான்.

கடலில் அன்றிரவு வெடிச்சத்தம் கேட்டது என்றார்கள் சிலர். இல்லை, இடி என்றார்கள் சிலர். றொனால்டும் வரவில்லை, படகின் ஒரு பலகையும் வரவில்லை.

பெட்டி மட்டும் வாசித்துக்கொண்டே இருந்தது. ஆனால் அது கசெற் அல்ல. மின் ஓட்டம் ஒரு கண்சிமிட்டும் நேரம் நின்றால் போதும், உள்ளே இருப்பது துடைத்தெடுத்ததுபோல் போய்விடும். அதனால் யூலிற்றா அதை நிற்க விடவில்லை. பற்றறி இறங்கமுன் அடுத்த பற்றறியைப் பூட்டி, பிறகுதான் பழையதைக் கழற்றினாள். மலையகத்தில் பிறந்து இங்கே காடு வெட்டிக் குடியேறிய வீரையா, நீர்ப்பம்பு எஞ்சினில் பழைய லொறி டைனமோவைக் கட்டி, கருவாட்டுக்குப் பதிலாகப் பற்றறி சார்ஜ் செய்து கொடுத்தார். விமானம் சுற்றும்போது மற்றவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் ஓடினார்கள். யூலிற்றா பெட்டியை ஒரு கக்கத்திலும் பற்றறியை மறு கக்கத்திலும் வைத்துக்கொண்டு ஓடினாள். பற்றறி அமிலம் பட்டு அவளுடைய சட்டைகள் எல்லாவற்றிலும் ஓட்டை. "யூலிற்றா வீட்டில பேய் கிற்றார் அடிக்குது" என்று கரையில் பகிடி விட்டார்கள். அவள் அதையும் கேட்டாள். பேய் என்றாலும் தன்னுடைய பேய்தானே என்று இருந்துவிட்டாள்.

இப்போது அந்தப் பெட்டியைத்தான் றஞ்சனி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாற ஞாயிறு திருநாள் மச்சாள். போன வருசமும் நடக்கேல்லை. இந்த முறை என்ன வந்தாலும் பாட்டோட செய்யவேணும் எண்டு சுவாமி நிக்கிறார். கிற்றார் நான்தான்."

"நல்லா அடி. நான் வேண்டாமெண்டனானோ?"

"வெறுங் கிற்றார் அந்த ஹோர்ன் ஸ்பீக்கருக்குள்ளால வந்தா எப்பிடி இருக்குமெண்டு உங்களுக்குத் தெரியாதே? தகரத்தில மழை பெய்யிற மாதிரி இருக்குதாம். யாக்கோப்பு அண்ணை சொல்லுறார்."

"அவர் பாடேக்க அதைவிட மோசம். ஆரும் சொன்னவையோ?"

றஞ்சனிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "பெட்டியைத் தாங்கோ மச்சாள். ஒரு நாளைக்கு."

யூலிற்றா நடந்து வந்து, செதில் ஒட்டிய கையாலேயே மிக்ஸை வலது முனைக்குத் தள்ளினாள். நாலு சுரம் மட்டும் தனியே ஓடியது. மற்றக் கை தன்பாட்டில் வொலியூமைச் சரிசெய்தது.

"உனக்கு எக்கோ வேணுமெண்டா, நான் இதை விடவேணும். விட்டா அவர் போயிடுவார்." அவள் குரல் மெதுவாக இருந்தது. "ரெண்டு விநாடிதான் எனக்கு மிச்சம் றஞ்சனி. அதையுமோ கேக்கிறாய்?"

றஞ்சனி கிற்றாரை மடியிலிருந்து இறக்கி வாங்கில் சாய்த்து வைத்தாள். எழுந்து போய் யன்னலில் நின்றாள். வெளியே பனைகளுக்கு மேலே வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. திரும்பாமலே சொன்னாள்.

"அண்ணன் போயிட்டார் மச்சாள். சித்திரையிலயே போயிட்டார்."

யூலிற்றாவுக்கு விளங்கவில்லை.

"உங்களுக்கு மலேரியா வந்து புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரியில அஞ்சு நாள் கிடந்தீங்களே. பற்றறியைப் பாக்கச் சொல்லி என்னட்டத்தானே வீட்டுத் திறப்பைத் தந்தனீங்கள்."

"ஓம். புதுசைப் பூட்டிப்போட்டுப் பழசைக் கழற்று எண்டு சொன்னன்."

"அப்பிடித்தான் செய்தன். வயர் ரெண்டும் ஒரே நிறம். ஒண்டில முடிச்சுப் போட்டிருந்தீங்கள்."

"முடிச்சுப் போட்டது பிளஸ்."

"நீங்கள் சொல்லேல்லையே." றஞ்சனி திரும்பினாள். கண்கள் நிறைந்திருந்தன. "எங்கட வீட்டில வலைக்கு ஈயக் கயிறுக்குத்தான் முடிச்சுப் போடுறது. முடிச்செண்டா அடிப்பக்கம். உங்கட அப்பா வீட்டில மேல்பக்கத்து மிதப்புக் கயிறுக்குப் போடுறவை எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? முடிச்சு மைனஸ் எண்டு நினைச்சுக் குடுத்தன். ஒரு பொறிதான் பறந்தது. பெட்டியின்ர சிவப்புக் கண் மூடித் திறந்தது. அவ்வளவுதான். பிறகு ஒரு சத்தமும் இல்லை."

முன்னறையில் நாலு சுரம் ஏறி, தயங்கி, இறங்கியது. மறுபடி ஏறியது.

"அப்ப இது ஆர்?" என்று யூலிற்றா கேட்டாள். கேட்கும்போதே அவளுக்குப் பதில் தெரிந்துவிட்டது.

"இஞ்ச இருந்து அழுதன். விறாந்தையில படுத்து அழுதன். நீங்கள் எலும்பும் தோலுமா அந்தக் கட்டில்ல கிடக்கிறீங்கள். வந்து இதைக் கேக்காட்டி, பிறகு எழும்ப மாட்டீங்கள் எண்டு நினைச்சன். ரெண்டு நாள் பழகினன். நூறு தரம், ஆயிரம் தரம். அண்ணன்ர மாதிரி வந்த ஒரு தரம் காலால மிதிச்சன்."

யூலிற்றா அம்பிளிபயருக்குப் பக்கத்தில் கிடந்த வீட்டு முக்காலியில் உட்கார்ந்தாள். கண்முன் வொலியூம் குமிழ் இருந்தது. அதைச் சுற்றி இரண்டு பொட்டுகள் இருந்தன. ஒன்று மங்கிப்போன பழைய பொட்டு. அதற்கு ஒரு மயிரளவு இடப்பக்கம் இன்னொன்று, புதிது. அதை எப்போது வைத்தாள் என்று அவள் மறக்கவில்லை. ஆஸ்பத்திரியால் வந்த அன்று வைத்தது.

காய்ச்சல் விட்ட உடம்போடு வந்து அம்பிளிபயரைப் போட்டதும் முதல் சுரம் கொஞ்சம் எடுப்பாக விழுந்தது. தூண்டில் நூல் அறுத்து நுனி போன விரல் றொனால்டுக்கு. அவனுடைய முதல் சுரம் எப்போதும் சற்று மெலிந்துதான் தொடங்கும். பத்து வருடம் அந்த மெலிவுக்காகவே அவள் கை வொலியூமை ஒரு துளி ஏற்றிக் கொடுத்திருக்கிறது. அன்று ஏற்றத் தேவைப்படவில்லை; இறக்கவேண்டியிருந்தது. இறக்கினாள். பற்றறி புதிது, அதுதான் என்று தனக்குத் தானே சொன்னாள். சொல்லிவிட்டு கியூட்டெக்ஸ் போத்தலைத் தேடி எடுத்துப் பொட்டும் வைத்தாள்.

அவள் அந்தப் பொட்டை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"என்ர கைக்குத் தெரிஞ்சிருக்கு றஞ்சனி. நான்தான் கேக்க மாட்டனெண்டு இருந்திருக்கிறன்."

றஞ்சனி வந்து அவள் காலடியில் நிலத்தில் இருந்தாள். இருவரும் அழுதார்கள். சத்தம் போட்டு அல்ல. பெட்டி தன்பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தது. சொந்தக்காரி அழுவதையும் பொருட்படுத்தாமல், தங்கையின் கையால் அண்ணனாக நடித்துக்கொண்டிருந்தது.

"அஞ்சு மாசம்" என்றாள் யூலிற்றா, மூக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு. "ஒவ்வொரு நாளும் இதுக்கு முன்னால இருந்து கதைச்சனான். என்னென்ன கதையெல்லாம் சொன்னன். உன்னைப் பற்றியும் சொன்னன்."

"என்ன சொன்னீங்கள்?"

"உங்கட தங்கச்சி இன்னும் நண்டு நடக்கிற மாதிரித்தான் கிற்றார் அடிக்கிறாள் எண்டு."

றஞ்சனி தலையை நிமிர்த்திப் பார்த்தாள். "அதை என்னட்டயே சொல்லியிருக்கிறீங்கள்."

"ஓமடி. அதுதான் பதிலும் வரேல்லை."

அழுத முகத்தோடேயே இருவருக்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு நின்றதும் வீடு முன்னைவிட வெறுமையாகத் தெரிந்தது. யூலிற்றா கைகளை விரித்துப் பார்த்தாள். செதில் காய்ந்து உதிரத் தொடங்கியிருந்தது. எழுந்து போய்க் கைகால் கழுவிவிட்டு வந்து, மறுபடி முக்காலியில் இருந்தாள்.

"கிற்றாரை எடு."

"மச்சாள், பற்றறி இறங்கப்போகுது. அம்பிளிபயர் அரை மணித்தியாலமா ஓடுது."

"இறங்கட்டும். எடு."

றஞ்சனி கிற்றாரை எடுத்தாள். யூலிற்றா மிக்ஸைப் பன்னிரண்டு மணிக்குக் கொண்டு வந்தாள். பெட்டியின் சத்தமும் கிற்றாரின் சத்தமும் பாதிக்குப் பாதி. "இதோட சேந்து வாசி" என்றாள். றஞ்சனி வாசித்தாள். நாலு சுரமும் நாலு சுரமும் ஒன்றின்மேல் ஒன்று, ஒரு தாளில் இன்னொரு தாளை வைத்ததுபோல் பொருந்தின. அதே எடுப்பு. அதே கை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் அங்கே ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள்.

யூலிற்றாவுக்கு அந்த நேரம் விசித்திரமாக ஒன்று தோன்றியது. இவள் ஒவ்வொரு பின்னேரமும் வந்து இந்த வாங்கில் இருந்து வாசித்திருந்தாலும் தனக்குக் கேட்டிருக்காது. மிக்ஸ் வலது முனையில் இருந்தது. உயிரோடு ஒருத்தி வாசிப்பது வெளியே வராதபடி தானே திருகி வைத்திருந்தாள்.

"மிச்சம் தெரியுமோ உனக்கு? அவர் வாசிக்காமல் போனது?"

"தெரியும். எனக்குத்தானே முதல்ல வாசிச்சுக் காட்டினவர். உங்களுக்கு நத்தாருக்கெண்டு அண்டைக்கு வரைக்கும் ஒளிச்சு வச்சிருந்தவர்."

"வாசி."

றஞ்சனி தொடங்கினாள். நாலு சுரம் வந்தது. ஐந்தாவது வந்தபோது பெட்டி மறுபடி முதலாவதைச் சொன்னது. ஆறாவதோடு அதன் இரண்டாவது மோதியது. முன்னுக்குப் போகிறவளைப் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. றஞ்சனி நிறுத்திவிட்டாள்.

"முடியாது மச்சாள். இது விடுதில்லை."

யூலிற்றா பெட்டியைப் பார்த்தாள். பத்து வருடமாக அவள் கை தொடாத குமிழ் அதில் இல்லை. ஆனால் அந்தக் கால்விசையை அவள் ஒரு நாளும் தொட்டதில்லை. அது வாசிப்பவனுடையது. அவள் முக்காலியிலிருந்து சற்று முன்னுக்கு நகர்ந்தாள். ஈரம் காயாத வெறும் பாதத்தைத் தூக்கி அதன்மேல் வைத்தாள். வைத்தபடியே நாலு சுரத்தையும் ஒரு தரம் முழுதாக ஓடவிட்டாள். ஏறியது. ஏறியது. தயங்கியது. இறங்கியது.

மிதித்தாள்.

மௌனம் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. கடற்கரையில் நாய் ஒன்று குரைப்பது கேட்டது. பத்து மாதத்தில், பெட்டி வாசிக்கும் அந்தப் பின்னேர வேளையில், அவள் காதில் விழுந்த முதல் வெளிச் சத்தம் அது.

"வாசி" என்றாள் மறுபடி.

றஞ்சனி வாசித்தாள். முதல் சுரம் அறைக்குள் பாய்ந்து விழுந்தது. யூலிற்றாவின் வலது கை தன்பாட்டில் வொலியூமை இறக்கியது. இடது கை மிக்ஸைப் பதினொன்றில் இருந்த நற்கருணைப் பொட்டுக்குக் கொண்டு போனது. எதிரொலி கிற்றாருக்குக் கீழே போய், அது போகும் இடமெல்லாம் நிழல்போல் பின்னால் வந்தது. நாலு சுரம் தாண்டி ஐந்து, ஆறு, ஏழு. அவள் கேட்டேயிராத சுரங்கள். நத்தாருக்கென்று ஒருவன் ஒளித்து வைத்துவிட்டுப் போன சுரங்கள், புரட்டாதி மாதத்தில் வந்து சேர்ந்தன. அவை எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்று அவளுக்குத் தெரியாது. ஆனாலும் அவளுடைய இரண்டு கைகளும் தவறவில்லை. கண்ணீர் குமிழில் விழுந்தது. துடைக்கக் கை இல்லை. விழவிட்டாள்.

வாசித்து முடிந்தது. எதிரொலி இரண்டு தரம் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு அடங்கியது.

"எப்பிடி?" என்று றஞ்சனி கேட்டாள்.

"முதல் சுரத்தைக் குத்துறாய்."

"அது என்ர கை மச்சாள். அண்ணன்ர மாதிரி மெல்ல வைக்க ஏலாமல்தான் ரெண்டு நாள் கிடந்து மாஞ்சனான்."

"அப்ப உன்ர கையாவே இருக்கட்டும். அவரின்ரயா வரவேண்டாம். வொலியூமை நான் பாத்துக்கொள்ளுறன்."

பற்றறி இறங்கிவிட்டது. அம்பிளிபயரின் விளக்கு மஞ்சளாகி அணையப் பார்த்தது. யூலிற்றா அதை நிறுத்தினாள். பிறகு பெட்டியின் வயர் இரண்டையும் கழற்றி, முடிச்சுப் போட்டதை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள். "இதில ஒரு சிவப்புத் துணி கட்டவேணும். உங்கட வீட்டு முடிச்சும் எங்கட வீட்டு முடிச்சும் சரிவராது."

றஞ்சனி வெளிக்கிட்டாள். பெட்டியை எடுப்பதற்குக் குனிந்தவளின் கையை யூலிற்றா தட்டிவிட்டாள்.

"அது இஞ்ச நிக்கட்டும். ஞாயிறு நானே கொண்டுவாறன். குமிழுக்கு ஆர் இருக்கிறது, யாக்கோப்பு அண்ணையோ?"

"அந்த முக்காலி இப்பவும் கோயிலில கிடக்குது. ஒருத்தரும் இருக்கிறேல்லை."

"தூசி தட்டி வைக்கச் சொல்லு. நீ கிற்றாரைக் கொண்டு போ. நாளைக்குப் பின்னேரம் வா. வீரையாவிட்டச் சொல்லி நல்ல பற்றறி ஒண்டு எடுத்து வைக்கிறன். நற்கருணைப் பாட்டைப் பாப்பம்."

றொனால்டின் கிற்றாரைத் தோளில் மாட்டிக்கொண்டு றஞ்சனி வாசலில் நின்றாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"ஒண்டும் சொல்லாதை. அடுப்பில வைக்க மீன் கிடக்குது" என்றாள் யூலிற்றா. "காத்து வருது. கதவைச் சாத்திப்போட்டுப் போ."

கிற்றாரின் தலை நிலையில் இடிபடாமல் பக்கவாட்டாகத் திரும்பி, றஞ்சனி படியிறங்கினாள். வெளியிலிருந்து கதவை இழுத்துச் சாத்தினாள்.